ஓடை தூரம்தானே, பயமில்லைத்தானே? கொஸ்லந்தைப் பக்கம் ஒரு காணி

கிணற்றடி | ஞாயிறு, இரவு 8.40

வணக்கம். கோண்டாவிலில் இருந்து எழுதுகிறேன். மண், கல் பற்றிப் படித்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள் என்பதால் ஒரு கேள்வி.

என் தங்கச்சி ஆசிரியை. நியமனம் கிடைத்து மலையகம் போனவள் அங்கேயே கலியாணம் செய்து நின்றுவிட்டாள். இப்போது கொஸ்லந்தைப் பக்கம் 15 பேர்ச் காணி வாங்கி, வீட்டுக்கு அத்திவாரம் போடப் போகிறார்கள். காணிக்குப் பின்னால் செங்குத்தான மலை. மலையில் ஒரு பள்ளம் கீறல் போல இறங்கி வருகிறது. அந்தப் பள்ளம் முடிகிற வாயில்தான் காணி. அங்கிருந்து தரை விசிறியை விரித்து வைத்த மாதிரி மெல்லச் சரிந்து போகிறது. மலைநாட்டில் இவ்வளவு சமமான நிலம் கிடைப்பதே அருமை என்கிறார் மச்சான். ஓடை காணியிலிருந்து 60 மீற்றர் தள்ளி. கோடையில் கணுக்கால் நனைய மட்டும்தான் தண்ணீர். காணி விற்றவர் "முப்பது வருசமாகத் தண்ணி ஏறினதே இல்லை" என்று சொன்னாராம்.

டித்வா புயல் வந்து போன பிறகு அம்மாவுக்கு நித்திரை இல்லை. ஓடை தூரம்தானே, பயமில்லைத்தானே?

வெள்ளவாய்க்கால் | ஞாயிறு, இரவு 9.15

தம்பி, வெள்ளத்துக்குப் பயமென்றால் அத்திவாரத்தை உயர்த்த வேண்டும். வேறு வைத்தியம் இல்லை. 2008 கார்த்திகையில் நிஷா புயல் வந்தபோது யாழ்ப்பாணத்தில் ஒரே நாளில் 390 மில்லிமீற்றருக்குக் கிட்ட மழை. எங்கள் வீட்டில் இரண்டு படி தாண்டி, விறாந்தையில் சேறு. தண்ணீர் மெல்ல மெல்லத்தான் ஏறியது. நெல்லு மூட்டையை மேசையில் ஏற்றி, ஆட்டை மாமியார் வீட்டில் விட்டு, தேத்தண்ணியும் குடித்துவிட்டுத்தான் வெளிக்கிட்டோம். அடுத்த வருசம் வீட்டை மூன்றடி உயர்த்தினேன். இன்றுவரை உள்ளே ஒரு சொட்டு இல்லை.

மச்சானிடம் நாலடி உயர்த்தச் சொல்லுங்கள். ஓடைப் பக்கம் ஒரு மதில் கட்டினால் போதும்.

சுண்ணக்கல் | ஞாயிறு, இரவு 10.02

வாய்க்கால் அண்ணை சொல்வது கோண்டாவிலுக்குச் சரி. கொஸ்லந்தையில் அதே புத்தி ஆளைக் கொல்லும். மன்னிக்கவும், கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன். பேராதனையில் புவியியல், அதாவது கல்லும் பாறையும் படித்தவன் நான். இந்தக் கேள்வியில் என்னால் மெல்லக் கதைக்க முடியவில்லை.

நாங்கள் இருப்பது தட்டையான சுண்ணக்கல்லின் மேல். மழை பெய்தால் கல்லில் இருக்கிற பொந்துகளுக்குள் இறங்கும், கிணற்றில் ஏறும், மிச்சம் குளத்திலும் ஒழுங்கையிலும் நிற்கும். ஆறு என்று சொல்ல வழுக்கியாறு ஒன்று, அதுவும் மாரியில் மட்டும். ஆகவே எங்களுக்கு வெள்ளம் என்றால் நிற்கிற தண்ணீர். உயரம் ஒன்றுதான் கணக்கு.

மலையடிவாரத்தில் வருவது நிற்கிற தண்ணீர் அல்ல, ஓடிவருகிற மண். தண்ணீர், களி, மணல், கல், மரம் எல்லாம் ஒன்றாகக் குழைந்து, கொங்கிறீற் கலவையைப் பீலியில் ஊற்றியது போல வரும். எங்கள் செய்திகளில் எல்லாவற்றையும் மண்சரிவு என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். ஒரு பக்கச் சரிவு இடிந்து அந்த இடத்திலேயே குவிவதும் மண்சரிவு. அதே மண் பள்ளத்துக்குள் விழுந்து, தண்ணீரோடு கலந்து, இரண்டு கிலோமீற்றர் ஓடிப்போய் ஒன்றும் அறியாத வீட்டை மூடுவதும் மண்சரிவு. இரண்டாவதை நான் இங்கே கல்சேற்று வெள்ளம் என்று எழுதுகிறேன். இதைவிட நல்ல சொல் இருந்தால் தாருங்கள்.

ஒரு சின்னக் கணக்கு. மலைநாட்டுப் பாறை தண்ணீரைப் போல ஏறத்தாழ 2.7 மடங்கு அடர்த்தி. வெறும் தண்ணீருக்குள் இருக்கும்போது அதன் பாரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாகக் குறையும். தடித்த கல்சேற்றின் அடர்த்தி தண்ணீரைப் போல இரண்டு மடங்கு வரை போகும். அதற்குள் அதே பாறையின் பாரம் கால்வாசிதான். அதனால்தான் வான் அளவு கல் எல்லாம் சேற்றில் மிதந்து வருகிறது. வேகம் மணிக்கு 30, 40 கிலோமீற்றர் என்பது ஆச்சரியமே இல்லை. நாலடி உயர்த்திய வீட்டையும் மதிலையும் அது கேட்டுக்கொண்டு நிற்காது.

"விசிறியை விரித்து வைத்த மாதிரி" என்று எழுதியிருக்கிறீர்கள் தம்பி. அந்த வரியை வாசித்த பிறகுதான் எனக்கும் நித்திரை போனது. படிக்கும்போது எங்களுக்கும் அதை அந்தப் பெயரால்தான் சொல்லித் தந்தார்கள். விசிறி.

கொட்டன்தடி | ஞாயிறு, இரவு 10.20

வாத்தியார் வந்துவிட்டார், எல்லோரும் கொப்பியை எடுங்கோ 😄

பகிடியை விடுவோம். விசிறி என்றால் என்ன? நிலம் விசிறி வடிவில் இருந்தால் என்ன குற்றம்?

சுண்ணக்கல் | ஞாயிறு, இரவு 10.51

குற்றம் இல்லை. அது யார் போட்ட நிலம் என்பதுதான் கேள்வி.

ஒடுக்கமான பள்ளத்துக்குள் இறுகி ஓடிவருவது, பள்ளம் முடிந்து சரிவு குறைந்து தரை விரிகிற இடத்தில் அகலிக்கும், மெலியும், தூக்கிவந்த பாரத்தை வைத்துவிட்டு நிற்கும். அடுத்த முறை வருவது, முன்பு குவித்ததில் முட்டி, பக்கத்தால் விலகி ஓடும். அதற்கு அடுத்தது மற்றப் பக்கம். ஆயிரக்கணக்கான வருடம் இப்படிக் கொட்டிக்கொட்டி உண்டாவதுதான் அந்த விசிறி. மலைநாட்டில் செங்குத்துகளுக்கு நடுவே "அருமையாகக் கிடைத்த சமநிலம்" பல இடங்களில் இப்படி வந்ததுதான். வீடு கட்ட வசதி, தண்ணீர் கிட்ட, மண்ணும் வளம். உலகம் முழுக்க ஆட்கள் அங்கேதான் போய் இருப்பார்கள்.

ஓடை இன்று 60 மீற்றர் தள்ளி ஓடுகிறது என்பதற்கு ஆறுதல் மதிப்பு மட்டும்தான். முதல் அலையில் வருகிற கல்லே ஓடையின் வாயை அடைத்துவிடும். பின்னால் வருவது புதுவழி தேடும். 60 மீற்றர் அதற்குப் பெரிய தூரம் இல்லை.

கொலம்பியாவில் ஆர்மெரோ என்று ஒரு ஊர். பள்ளத்தாக்கின் வாயில், பழைய சேற்று விசிறியின் மேல் கட்டிய ஊர். 1845இல் அதே இடத்தைச் சேறு மூடியது. அதன் மேலேயே திரும்ப ஊர் எழும்பியது. 1985 நவம்பர் 13 இரவு திரும்ப வந்தது. 20,000 பேருக்கு மேல் போய்விட்டார்கள்.

கொட்டன்தடி | ஞாயிறு, இரவு 11.05

அது எரிமலை. பனி உருகி வந்தது. இலங்கையில் எரிமலை எங்கே? பயங்காட்டுவதற்கும் ஒரு அளவு வேண்டாமா?

சுண்ணக்கல் | ஞாயிறு, இரவு 11.18

சரி, எரிமலை இல்லாத இடம். கலிபோர்னியாவில் மொன்டெசிட்டோ, கோடீஸ்வரர்கள் இருக்கிற ஊர், அதுவும் விசிறியின் மேல்தான். 2017 டிசம்பரில் மலையில் பெரிய காட்டுத்தீ. 2018 ஜனவரி 9 விடியப்புறம் ஐந்து நிமிடத்தில் ஏறத்தாழ 13 மில்லிமீற்றர் மழை கொட்டியது. எரிந்த மண் தண்ணீரைக் குடிக்காது, அப்படியே உருண்டோடியது. 23 பேர் இறந்தார்கள். தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பது அந்தச் சேற்றுக்கு முக்கியம் இல்லை. சரிவு, தளர்ந்த மண், திடீர்த் தண்ணீர். மூன்றும் கொஸ்லந்தை இருக்கிற ஊவா மாகாணத்தில் இருக்கிறது.

மேட்டுலயம் | திங்கள், காலை 6.10

நானும் ஒரு வார்த்தை சொல்லவா? எங்க குடும்பம் 1977க்குப் பிறகு கிளிநொச்சிக்கு வந்தது. ஆனால் சொந்தக்காரர் பாதிப்பேர் இன்னும் அந்தப் பக்கம்தான்.

கொஸ்லந்தை என்று வாசித்ததும் மீரியபெத்தைதான் நினைவுக்கு வந்தது. 2014 ஒக்டோபர் 29, காலை ஏழரை மணி போல. தோட்டத் தொழிலாளர் இருந்த லயத்தோடு கோயில், கடை எல்லாம் மண்ணுக்குள் போனது. பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் தப்பித்தார்கள், திரும்பி வந்து பார்த்தால் வீடு இருந்த இடத்தில் சேறு. அந்த இடம் ஆபத்து என்று 2005லும் 2011லும் எச்சரிக்கை கொடுத்திருந்தார்கள். போக வேறு காணி இருந்தால்தானே போவது? அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. "அவங்க எழும்பவே இல்லை" என்று மட்டும் பிறகு சொன்னார்கள்.

லயம் எல்லாம் பார்த்தீங்கள் என்றால், பங்களா மேட்டில் இருக்கும், லயம் பள்ளத்தில், ஓடைக்குப் பக்கத்தில். தண்ணி எடுக்க லேசு என்று வெள்ளைக்காரன் அப்படிக் கட்டினான். நூற்றைம்பது வருசமாக நாங்கள் அந்தப் பள்ளத்துக்குள்தான்.

கிணற்றடி அண்ணே, காணி விற்றவர் முப்பது வருசம் என்று சொன்னதைக் கணக்கில் எடுக்காதீங்க. மலைக்கு முப்பது வருசம் ஒரு மத்தியானத் தூக்கம்.

கிணற்றடி | திங்கள், காலை 7.30

எல்லோருக்கும் நன்றி. தங்கச்சிக்கு இழையை அனுப்பினேன். அவள் ஒரு விஷயம் சொன்னாள். மலகூடத்துக்கு ஏற்கெனவே எட்டடிக் குழி வெட்டியிருக்கிறார்களாம். வெட்டியவர் "ஐயோ இது மண்ணா கல்லா" என்று திட்டிக்கொண்டே வெட்டினாராம். படம் வாட்ஸ்அப்பில் வந்தது, தரம் குறைவு. கண்ணில் தெரிவதை எழுதுகிறேன்.

மேலே ஒரு அடி நல்ல மண். அதன் கீழே நாலடி போல மஞ்சள் களி, அதற்குள் குண்டும் கூருமாகக் கல். தேங்காய் அளவும் இருக்கிறது, பாக்கு அளவும் இருக்கிறது, ஒன்று அம்மிக்கல்லைவிடப் பெரிசு. ஒழுங்கே இல்லை. பிறகு ஒன்றரை அடி கறுப்பு மண், வேர் உக்கின மாதிரி, கரித்துண்டும் இருக்கிறதாம். அதற்குக் கீழே திரும்ப அதே மஞ்சள் களியும் கல்லும்.

சுண்ணக்கல் | திங்கள், காலை 8.05

தம்பி, வேலைக்குப் போகிற வழியில் பஸ்ஸுக்குள் இருந்து எழுதுகிறேன். தயவுசெய்து அந்தக் குழியை மூட வேண்டாம் என்று சொல்லுங்கள். இரவு விளக்கமாக எழுதுகிறேன்.

வெள்ளவாய்க்கால் | திங்கள், காலை 11.40

கிணறு வெட்டு பார்த்த ஆள் நான். எங்கள் பக்கம் செம்மண் போனால் கயர், கயர் போனால் கல். எங்கே வெட்டினாலும் அதுதான் ஒழுங்கு. கறுப்பு மண்ணுக்கு மேலே கல்லு இருப்பது முறைகேடாகத்தான் இருக்கிறது. மேல்மண் மேலேதானே இருக்க வேண்டும்?

சுண்ணக்கல் | திங்கள், இரவு 8.30

அண்ணை, நான் நாலு பக்கம் எழுத இருந்ததை ஒரு கேள்வியில் கேட்டுவிட்டீர்கள். மேல்மண் மேலேதான் இருக்க வேண்டும். அது கீழே இருக்கிறதென்றால், ஒரு காலத்தில் அதுதான் தரை. அதில் மரம் நின்றது, இலை உக்கியது. பிறகு ஒரு நாள் அதன் மேல் நாலடி களியும் கல்லும் வந்து ஏறியது. கறுப்பு மண்ணுக்குக் கீழேயும் அதே கலவை என்றால், அதற்கு முன்பும் ஒரு முறை. எட்டடிக்குள் குறைந்தது இரண்டு வருகை.

வெள்ளம் கொண்டுவந்ததா, கல்சேறு கொண்டுவந்ததா என்று எப்படிப் பிரிப்பது? ஆறு தரம் பிரிக்கும். வேகம் குறையக்குறைய முதலில் கல், பிறகு மணல், கடைசியில் வண்டல் என்று அடுக்கும். கல்லும் உருண்டு உருண்டு மழமழவென்று இருக்கும். கல்சேறு எதையும் பிரிக்காது. தேங்காயும் பாக்கும் அம்மியும் ஒரே களிக்குள் புதைந்து, ஒன்றையொன்று தொடாமல் நிற்கும், கூர் மழுங்கியிருக்காது. மச்சானின் குழி சொல்வது இரண்டாவதை. மலையிலிருந்து மெல்லமெல்ல இறங்கிச் சேர்ந்த மண்ணும் கொஞ்சம் இதே மாதிரித் தோன்றும், ஆகவே படத்தை மட்டும் பார்த்து நூறு வீதம் என்று சொல்ல மாட்டேன். நடுவில் கறுப்பு மண் இருப்பதுதான் என்னை இந்தப் பக்கம் தள்ளுகிறது.

இன்னொன்று கேட்டுப் பாருங்கள். பெரிய கற்கள் அந்த நாலடியின் மேல் பாதியில் கூடவா? உருளைக்கிழங்கு மூட்டையைக் குலுக்கினால் பெரிய கிழங்கு மேலே வருவதைப் பார்த்திருப்பீர்கள். ஓடுகிற கல்சேற்றிலும் அப்படித்தான், பெரியது மேலேயும் முன்னாலேயும் வந்து சேரும். ஓடையின் இரு கரையிலும் யாரோ அடுக்கிய மாதிரிப் பாறை வரிசை இருந்தால் அதுவும் அதே கதை. முன்னால் வந்த கல் பக்கத்துக்கு ஒதுக்கப்பட்டு அப்படியே நின்றுவிடும்.

கிணற்றடி | திங்கள், இரவு 9.02

கேட்டேன். பெரிசெல்லாம் மேலேதானாம். ஓடைக்கரைப் பாறையை "பழைய ஆட்கள் கட்டிய அணை" என்று அயலவர்கள் சொல்கிறார்களாம்.

மேட்டுலயம் | திங்கள், இரவு 9.20

அந்த அணையைக் கட்டின ஆள் யார் என்று இப்போ தெரிஞ்சு போச்சு.

மாதகல்_கரை | திங்கள், இரவு 9.47

எல்லாம் தேயிலையால் வந்த வினை. காட்டை வெட்டிக் கோப்பி, கோப்பி அழியத் தேயிலை. மலையை மொட்டையடித்துவிட்டு இப்போது மழையைக் குறை சொல்கிறோம். காடு இருந்தால் ஒன்றும் நடந்திருக்காது.

சுண்ணக்கல் | திங்கள், இரவு 10.30

பாதி சரி. கோப்பிக்கும் தேயிலைக்கும் காட்டை வெட்டியதால் மண் தளர்ந்தது உண்மை. ஆனால் காடு நின்ற சரிவும் இறங்கும். வேர் ஒன்று, இரண்டு மீற்றர்தான் பிடிக்கும். மலைநாட்டில் பாறை உக்கி மண்ணானது சில இடங்களில் பத்து மீற்றருக்கு மேல் ஆழம். அடியில் வழுக்கினால் மரமும் நின்றபடியே கூட வரும்.

அந்தப் பாறை மிகப் பழசு, எங்கள் சுண்ணக்கல் அதற்கு முன்னால் நேற்றுப் பிறந்த பிள்ளை. சூடும் மழையுமாக அதன் தாதுக்கள் களியாகிவிட, உக்காத நடுப்பகுதி மட்டும் உருண்டைக் கல்லாகக் களிக்குள் மிஞ்சும். கல்சேற்றுக்கு வேண்டிய மூலப்பொருள் எல்லாம் மலையிலேயே தயாராக இருக்கிறது. மாரியில் நாள்கணக்கில் தூறி மண் நிரம்பியிருக்கும்போது, ஒரு இரவு கொட்டுகிற மழை மண்துகள்களுக்கு நடுவே தண்ணீரை நெருக்குகிறது. துகள்கள் ஒன்றையொன்று பிடித்திருந்த பிடி விடுகிறது. மலையில் குடைந்த மாதிரி இருக்கிற பள்ளங்களின் தலையில்தான் இது கூட நடக்கும். சுற்றியுள்ள மண்ணும் தண்ணீரும் அங்கேதான் வந்து சேர்கிறது.

கறுப்பு மண் ஒன்றரை அடி, ஒரு தோட்டத்துரையின் ஆயுளில் உண்டாகாது. மேலிருந்து கழுவி வந்தும் சேர்ந்திருந்தால் கொஞ்சம் வேகம்தான், அதை ஒத்துக்கொள்கிறேன். உள்ளே இருக்கிற கரித்துண்டைச் சோதித்தால் வயது தெரியும். என் ஊகம், முதல் கோப்பிக் கன்று நடுவதற்கு முன்பே அந்தப் பள்ளம் வேலையைத் தொடங்கிவிட்டது.

மேட்டுலயம் | திங்கள், இரவு 10.52

தண்ணி வடிகிற கானையும் சேர்த்துக்கொள்ளுங்க அண்ணே. முன்னாடி மலையில் குறுக்கே கான் வெட்டி, வருசாவருசம் மண் அள்ளுவாங்க, மழைத்தண்ணி ஓடைக்குப் போய்விடும். இப்போ ஆளும் இல்லை, கூலியும் இல்லை. கான் தூர்ந்துபோய், தண்ணி அங்கேயே குந்தி மலைக்குள்ளே இறங்குது. மழை அதே மழைதான் என்று எங்க அப்பா சொல்லுவார்.

சுண்ணக்கல் | திங்கள், இரவு 11.00

இதை நான் எழுதியிருக்க வேண்டும். உங்கள் அப்பா சொன்னது சரியான புவியியல். மழை அதே மழை என்பதை மட்டும் டித்வாவுக்குப் பிறகு நான் சொல்லத் தயங்குவேன்.

கொட்டன்தடி | செவ்வாய், காலை 6.45

சரி, நான் தோற்றேன். இனி உருப்படியாகச் சொல்லுங்கள். பிள்ளைக்குக் காசு போய்விட்டது. காணியை என்ன செய்வது? மழை வந்தால் எப்போது ஓடுவது?

சுண்ணக்கல் | செவ்வாய், மதியம் 1.10

முதல் வேலை, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய மதிப்பீடு. கொஸ்லந்தை இருக்கிற பதுளை அவர்களின் ஆபத்துப் பட்டியலில் உள்ள மாவட்டம், அங்கே அந்த அறிக்கை இல்லாமல் கட்டவே கூடாது. காணி விற்றவர் இதை ஏன் வாய் திறக்கவில்லை என்பதை மச்சான் தனியாகக் கேட்கட்டும். அதிகாரி வரும்போது குழி திறந்திருக்க வேண்டும். நான் சொன்னதைவிட அந்தச் சுவர் நன்றாகச் சொல்லும்.

அறிக்கை வரும்வரை பின்சரிவை ஒரு அடிகூட வெட்ட வேண்டாம். வீட்டுக்கு இடம் எடுக்க மலையைச் செங்குத்தாக வெட்டியதால் விழுந்த வீடுகள் அங்கே கணக்கில்லை.

இப்போது இருக்கும் வாடகை வீடும் அதே பள்ளத்துக்குக் கீழே என்று தங்கச்சி சொன்னதாக உள்பெட்டியில் எழுதியிருந்தீர்கள். ஆகவே மழைக்கணக்கு அவர்களுக்கு இன்றைக்கே வேண்டும். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழித்திருக்க வேண்டும், 100 என்றால் மூட்டை கட்ட வேண்டும், 150 என்றால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 என்றால், வீட்டில் இருக்கவே கூடாது. வாய்க்கால் அண்ணை, நிஷாவில் உங்களுக்குப் பெய்தது 390. நீங்கள் தேத்தண்ணி குடித்தீர்கள். அங்கே அதில் பாதிக்கும் குறைவான மழைக்கு ஊரே எழும்ப வேண்டும்.

கருவி வேண்டியதில்லை. நேர்ச்சுவருள்ள தகரப் பேணி ஒன்றை வெளியில் வைத்து அடிமட்டத்தால் அளந்தால் போதும். சாய்ந்த போத்தல் வேண்டாம்.

அதோடு ஓடையைப் பார்க்கச் சொல்லுங்கள். கடும் மழையில் ஓடை திடீரென்று வற்றினால் மகிழக் கூடாது. மேலே எங்கோ மண் விழுந்து அடைத்திருக்கிறது, அது உடையும். தண்ணீர் சட்டென்று களி நிறமானாலும், கதவு யன்னல் இறுகினாலும், தரையில் புது ஊற்று வந்தாலும், லொறி வருகிற மாதிரி மலையில் இரைச்சல் கேட்டாலும் அளவு பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. ஓடுவது ஓடையோடு கீழ்நோக்கி அல்ல, பக்கவாட்டில், பள்ளத்தை விட்டு விலகி மேட்டுக்கு. முதல் அலை போனதும் சாமான் எடுக்கத் திரும்பி வரவே கூடாது. அது அலையலையாகத்தான் வரும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

வெள்ளவாய்க்கால் | செவ்வாய், மதியம் 2.25

தம்பி கிணற்றடி, நாலடி உயர்த்தச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். மதிலையும்.

மாதகல்_கரை | செவ்வாய், மாலை 5.00

எங்கள் பக்கம் இப்படி ஏதும் வருமா? சின்னச் சந்தேகம்தான்.

சுண்ணக்கல் | செவ்வாய், மாலை 5.30

சரிவே இல்லை, கல்சேறு வராது. எங்களுக்கு இருப்பது வேறு வியாதி, குளத்தை நிரப்பி மதகை மறித்து வீடு கட்டுவது. அதற்குத் தனி இழை திறவுங்கள், அடிபிடி நிச்சயம்.

கிணற்றடி | வெள்ளி, இரவு 7.50

ஒரு தகவல். மச்சான் பிரதேச செயலகத்துக்குப் போய் விண்ணப்பம் கொடுத்துவிட்டார். அத்திவார வேலை நிறுத்தம். முதலில் கோபப்பட்டார், பிறகு தானே குழிக்குள் இறங்கி ஒரு மணித்தியாலம் நின்றாராம். கறுப்பு மண்ணிலிருந்து கரித்துண்டு ஒன்றைச் சீனிப் பையில் சுற்றி எடுத்து வைத்திருக்கிறார்.

நேற்றிரவு அங்கே மழை. பால்மாப் பேணியில் 82 மில்லிமீற்றர். தங்கச்சியும் பிள்ளையும் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் படுத்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. காலையில் அயலவர்கள் சிரித்தார்களாம்.

சுண்ணக்கல் அண்ணை, குழிக்குள் தண்ணீர் நிற்கிறது. மூடாமல் விடுவதா?

சுண்ணக்கல் | வெள்ளி, இரவு 8.04

மூட வேண்டாம். மேலே தகரம் போட்டு, சுற்றிவர வரம்பு கட்டித் தண்ணீரைத் திருப்பி விடுங்கள். பிள்ளை விழாமல் வேலியும் போடுங்கள். உள்ளே தேங்கியதை வாளியால் இறைக்கும்போது எந்த மட்டத்தில் ஊறி வருகிறதென்று ஒரு முறை பார்த்து எழுதச் சொல்லுங்கள். கறுப்பு மண்ணுக்கு மேலேயா, கீழேயா?

கிணற்றடி | வெள்ளி, இரவு 9.31

மேலே. கல்லும் களியும் கறுப்பு மண்ணைத் தொடுகிற கோட்டால் சுற்றிவரக் கசிகிறதாம்.